தும்புரு கோனைக்குப் போன வேன்

பங்குனி உத்திரக் காவடிகள் பகலெல்லாம் திருத்தணி மலையில் ஏறி இறங்கின. ராத்திரி, கடைகள் பாதி அடைத்த நேரத்தில், ம.பொ.சி. சாலையோரம் ஒரு வேன் வந்து நின்றது. காவடி இறக்கி, மஞ்சள் துணியைக்கூட மாற்றாத இரண்டு பேர் முதலில் ஏறினார்கள். அடுத்து சரவணப் பொய்கைப் பக்கம் பூ விற்கிற அக்கா, கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்த ஈரக் கையோடு. அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு விசைத்தறிக் குடும்பம்: அப்பா, அம்மா, பாலிடெக்னிக் படிக்கிற பையன், அவன் சிநேகிதன், எழுபதைத் தாண்டிய ஆயா. கடைசியாகத் தோளில் ஒரு துண்டு மட்டும் போட்டுக்கொண்டு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். செங்கல் சூளையில் வேலை என்று டிரைவரிடம் சொன்னார். சொந்த ஊர் கேட்டதற்கு ஜவ்வாது மலை என்றார். பின் இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். விடியும்வரை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அரோகரா சொல்லித்தான் வண்டி கிளம்பியது. பொன்பாடி சோதனைச் சாவடி தாண்டியதும் அதே வாய்கள் கோவிந்தா சொல்லின.

இவர்கள் ஏழுமலையானைத் தரிசிக்கப் போகவில்லை. கோயிலுக்கும் அப்பால் காட்டுக்குள் மலை பிளந்து கிடக்கிற ஓர் இடம் இருக்கிறது. தும்புரு தீர்த்தம் என்று பெயர். தெலுங்கில் கோனை என்பார்கள். திருப்பதி, கடப்பைப் பக்கத்துக் காடுகளில் 353 சதுர கிலோமீட்டரை 1989-இல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்குள் அடங்கியது இந்தப் பிளவு. ஆண்டு முழுக்கச் சாத்தியிருக்கும் காடு, தை நிறைநிலவில் ராமகிருஷ்ண தீர்த்தத்துக்கும், மாசியில் குமாரதாரைக்கும், பங்குனியில் தும்புருவுக்கும் ஓரிரு நாள் திறக்கும். முக்கோட்டி என்று அந்த நாளுக்குப் பெயர். "குமாரதாரைன்னா இன்னா? நம்ம முருகன் தபசு பண்ண எடம்டா அது" என்று ஆயா பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். உத்திரத்தன்று ஊர்ச்சாமியை விட்டுவிட்டு எங்கேயோ போகிறோமே என்ற குறை அவள் மனசில் ஒரு துளியும் இல்லை. இரண்டு மலையும் அவளுக்கு ஒரே வீட்டின் இரண்டு திண்ணை.

திருப்பதிக்கு எழுபது கிலோமீட்டர்கூட வராது. ஆனாலும் இந்தச் சாலை நீளமானது. நகரி வந்ததும் ஆயா சன்னல் கண்ணாடியைத் தள்ளிவிட்டாள். நிலவில் நகரி மூக்கு தெரிந்தது. மலை முகட்டில் மூக்கு நீட்டிப் படுத்திருக்கிற பாறை. ஒரு காலத்தில் சோழமண்டலக் கடற்கரைக்கு வந்த கப்பல்காரர்களே இதை அடையாளம் வைத்துக் கரை கண்டார்கள். "நான் பள்ளிக்கூடம் போறப்ப பலகையில தெலுங்கு எழுதியிருப்பாங்க" என்றாள் ஆயா. "எங்க நைனா பாகத்தகராறுக்குச் சித்தூர் கோர்ட்டுக்குத்தான் போவாரு." யாரும் பதில் சொல்லவில்லை, பாதிப் பேர் தூங்கிவிட்டிருந்தார்கள். அவள் சொன்னது சரித்திரம். 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி வட்டாரம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் அதற்கு முன்னால் நடந்தவை. தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தையே தமிழின் வட எல்லையாகச் சொல்கிறது. எல்லை நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. பௌர்ணமிக்கு நடக்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் நடந்திருக்கிறார்கள்.

புத்தூர் தாண்டி டீக்கு நிறுத்தினார்கள். பையனின் சிநேகிதன் செல்பேசியில் ஒரு படம் காட்டினான். அமெரிக்காவில் இருக்கிற அவன் மாமா, அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் விளிம்பில் கைகளை விரித்து நிற்கிறார். பின்னால் சிவப்பும் மஞ்சளுமாக அடுக்கடுக்காகப் பாறைகள். "இதைப் பாக்க ஏழு மணி நேரம் கார்ல போனாங்களாம்" என்றான். ஆயா படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "சாமி எங்க?" என்று கேட்டாள். சாமி இருக்கிறார் என்று அவளிடம் சொல்ல ஆசையாக இருந்தது. அந்தப் பள்ளத்தின் அடியாழத்தில் கொலராடோ ஆறு அறுத்து வெளிக்காட்டிய மிகப் பழைய கரும்பாறைக்கு நிலவியலாளர்கள் வைத்த பெயர் விஷ்ணு. அங்கே ஒரு சிகரத்துக்கும் விஷ்ணு கோயில் என்றே பெயர். நான் சொல்லவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது, டிரைவர் அண்ணா ஹாரன் அடித்துவிட்டார்.

அலிபிரியில் மூட்டை முடிச்சுகளை இறக்கிச் சோதித்தார்கள். பிளாஸ்டிக் புட்டிகளை அங்கேயே விட்டுவிட வேண்டும். ஆயாவிடம் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு. காவடிக்காரர் ஒருவர் தன் புட்டியிலிருந்த தண்ணீரை வீணாக்காமல் முழுக்கக் குடித்துவிட்டுப் போட்டார். மலைப்பாதையின் வளைவுகளில் விளக்கு வெளிச்சம் பாறைமேல் விழுந்து விழுந்து நகர்ந்தது. அந்தப் பாறைச் சரிவில் ஓர் இடத்தைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகக் காத்துவருகிறார்கள். கீழே 250 கோடி ஆண்டுக்கும் மூத்த கருங்கல், அதன்மேல் நேராக 160 கோடி ஆண்டுப் படிவப் பாறை. நடுவில் பல பத்துக் கோடி ஆண்டுக்குக் கணக்கே காணோம். அந்த நீண்ட காலத்தில் என்ன படிந்ததோ, எல்லாம் கரைந்து போய்விட்டது. மேலே இருக்கிற பாறைக்கு நகரிக் குவார்ட்சைட் என்று பெயர். நாங்கள் ராத்திரி கடந்து வந்த அதே நகரி. நம் வீட்டு அடுப்படி மேடையில் போடுகிற கடப்பாக் கல்லும் இதே கடப்பைப் படுகையில் உருவானதுதான். கல் வகை மட்டும் வேறு.

மேலே வண்டியை நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் பாபவிநாசம் போய் இறங்கியபோது கிழக்கு வெளுத்திருந்தது. சேவகர்கள் பொங்கல் கொடுத்தார்கள். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் போக வேண்டாம் என்று ஒலிபெருக்கி தெலுங்கில் சொன்னது. ஆயாவின் மகன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் புடவையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாக நடந்தாள்.

அந்த நடையைத்தான் நான் பார்த்துக்கொண்டே போனேன். ஆறேழு கிலோமீட்டர் போக வேண்டும், அதே தூரம் திரும்ப வேண்டும். பையன்கள் புது ஷூ போட்டிருந்தார்கள், முதல் மேட்டிலேயே ஓடி ஏறி, நின்று, மூச்சு வாங்கினார்கள். ஆயா வெறுங்கால். ஒவ்வோர் அடியையும் முழுப் பாதமாக வைத்தாள். பாறை சரிவாக இருந்தால் உடம்பை மலைப்பக்கம் சாய்த்தாள். வேரைப் பிடிக்கும் முன் இழுத்துப் பார்த்தாள். ஐம்பது வருஷம் தறிக்குத் தார் சுற்றிய உடம்பு. வேகத்தை எப்படிக் கூட்டாமல் வைத்துக்கொள்வது என்று அதற்குத் தெரிந்திருந்தது. கடந்து போகிறவர்கள் "பெத்தம்மா, மெல்ல" என்று சொல்லிவிட்டு ஓடினார்கள். அரை மணி கழித்து அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தை அவள் அதே நடையில் கடந்தாள்.

மலையேற்றம் என்றதும் முதுகுப் பையும் கைத்தடியும் தொப்பியும் நமக்கு ஞாபகம் வருகின்றன. அன்றைக்கு அந்தப் பாதையில் நான் கண்டவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள், நெசவாளிகள், பூ விற்கிறவர்கள், கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்ட தாய்மார்கள். அவர்கள் இதை மலையேற்றம் என்று சொல்வதில்லை, 'தீர்த்தத்துக்குப் போறோம்' என்பார்கள். ஆனால் பள்ளத்தாக்குக்குள் இறங்குவது எப்படி என்று யாராவது கற்றுக்கொள்ள விரும்பினால் இவர்களுக்குப் பின்னால் நடப்பதே போதும். கயிறு கட்டிய இடத்தில் ஒருவர் இறங்கி முடிக்கும்வரை அடுத்தவர் கயிற்றைத் தொடவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இறங்கியவர் நகராமல் நின்று, பின்னால் வருகிறவருக்குக் கை நீட்டிவிட்டுத்தான் போனார்.

வழியில் செம்மரங்கள் தொடங்கின. இலை உதிர்ந்து நிற்கிற காலம். கருத்த பட்டை சதுரம் சதுரமாக வெடித்திருந்தது. "இதுவா அது?" என்று பையன் மெதுவாகக் கேட்டான். அவன் அப்பா தலையை அசைத்து, பேசாதே என்று கண்ணால் சொன்னார். உலகத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத மரம். வெட்டினால் சிவந்து கசியும். வெளிநாட்டு மரச்சாமான்களுக்காக அதைக் கடத்துகிறவர்கள் வேறு, கோடரி பிடித்து உள்ளே போகிறவர்கள் வேறு. 2015 ஏப்ரல் 7 அன்று, பங்குனி உத்திரம் முடிந்த நாலாம் நாள், இதே சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் அதிரடிப்படை 20 தமிழர்களைச் சுட்டுக்கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள், கூலிக்கு வந்தவர்கள்.

ஒரு திருப்பத்தில் வனக் காவலர் இருவர் நின்றிருந்தார்கள். போகிறவர்களிடம் சும்மா ஒரு வார்த்தை கேட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஜவ்வாது மலைக்காரரிடமும் கேட்டார்கள், "ஏ ஊரு?"

"திருத்தணி" என்றார்.

காவலர் தலையசைத்தார். ஜவ்வாது மலைக்காரர் நடந்தார். இருபதடி தாண்டி, பாதையை ஒட்டி நின்ற ஒரு மரத்தின் பட்டைமீது கையை வைத்து, உடனே எடுத்துக்கொண்டு, துண்டை இறுக்கிக் கட்டினார். அவருடைய ஊரில் யாரை அவர் இழந்தார், இழந்தாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. ஒரு மனிதன் தன் மலையின் பெயரை இன்னொரு மலையில் சொல்ல முடியாமல் நடக்கிறான் என்பதை மட்டும் பார்த்தேன். இந்தக் காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் முழு மனசோடு நம்புகிறவன். அதற்காக அந்த 20 பேரின் சாவை ஒருநாளும் ஏற்றுக்கொள்ள முடியாது. கூலிக்கு மரம் வெட்டியவனைச் சட்டம் நீதிமன்றத்துக்குத்தான் கொண்டுபோயிருக்க வேண்டும்.

மூங்கில் புதர்களைத் தாண்டியதும் இறக்கம். காற்று குளிர்ந்தது. தண்ணீர்ச் சத்தம் முன்னே எங்கோ கேட்டது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எதிர்ச் சுவரின் உச்சியில் பெருந்தேனீக்களின் அடைகள் வரிசையாகத் தொங்கின. இங்கே கற்பூரம் ஏற்றக் கூடாது, கூச்சல் கூடாது என்று முன்னால் போனவர்கள் சைகையால் பின்னால் கடத்தினார்கள். அத்தனை நேரம் கோவிந்தா போட்டு வந்த கூட்டம் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு தேனடைகளுக்குக் கீழே கடந்தது. பூக்கார அக்கா தன் வளையல்களைக் கூட இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

பிறகு மலை திறந்தது.

இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர்கள். அடுக்கின் மேல் அடுக்காகக் கல், ஒவ்வோர் அடுக்கும் ஒரு நிறம்: காவி, பழுப்பு, ஈரம் பட்ட இடத்தில் கருஞ்சிவப்பு. சுவர்கள் நெருங்கி நெருங்கி வந்து, ஓரிடத்தில் இரண்டு கைகளையும் நீட்டினால் இரண்டு பக்கமும் தொட்டுவிடலாம் என்று தோன்றியது. நிமிர்ந்து பார்த்த ஆயா, "பார்டர் அகலம்கூட இல்ல வானம்" என்றாள். குவார்ட்சைட் இரும்பாய் இறுகிய கல், லேசில் தேயாது. ஆனால் விரிசல் விடும். ஒரு விரிசல் கிடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடாது. அதே கோட்டில் இறங்கி, கூழாங்கற்களை உருட்டி உருட்டி, ஆழத்துக்குத்தான் போகும். அகலத்துக்கு வராது. அதனால்தான் இந்தப் பிளவு இவ்வளவு ஒடுக்கம், இவ்வளவு நிமிர்வு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே பெய்கிற தண்ணீரெல்லாம் இதற்குள் ஒரே வேகத்தில் வரும்போது உள்ளே நிற்பவருக்கு ஒதுங்க ஓரடி இடம் இல்லை. பங்குனிக்குள் வெள்ளம் வடிந்து நடந்து கடக்கும் அளவுக்கு வந்துவிடும். அப்போதும் ஊற்று நிற்காது, பாறைக் கீறல்கள் பிடித்து வைத்த மழையைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்கும். முக்கோட்டிக்கு இந்த மாதத்தைத் தேர்ந்தவர்கள் காட்டைப் பல வருஷம் கூர்ந்து பார்த்தவர்கள் என்றே நினைக்கிறேன்.

தண்ணீருக்குள் இறங்கும் முன் ஆயா ஒரு பாறையில் உட்கார்ந்து காலைத் தடவிவிட்டுக்கொண்டாள். அந்தப் பாறையின் மேற்பரப்பு முழுக்க வரி வரியாக இருந்தது. சிறு சிறு மேடும் பள்ளமும், ஒரே சீராக, ஒரே திசையில். ஆழமில்லாத தண்ணீர் மணலில் அலைந்து போட்ட வரிகள். இந்த மலை மணலாக இருந்த காலத்தில், உலகில் செடியும் மீனும் தோன்றுவதற்கு நூறு கோடி ஆண்டு முன்னால், ஒரு கரையில் நீர் அலைந்துவிட்டுப் போனது. அது கல்லாகி நிமிர்ந்து நிற்கிறது. அம்மையார்குப்பத்து ஆயா அதன்மேல் குதிகாலைத் தேய்த்துக்கொண்டாள். "சொரசொரன்னு நல்லா கீது" என்றாள்.

உள்ளே, தண்ணீரைத் தாண்டிய இடத்தில், தும்புரு சிலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டார்கள். தும்புரு வீணை வாசிக்கிற கந்தர்வன். சோம்பேறி என்று கோபித்து மனைவியைத் தவளையாகச் சபித்தான், அவள் இந்தச் சுனையில் கிடந்தாள், அகத்தியர் வந்தபோது சாபம் தீர்ந்தது என்பது கதை. பூக்கார அக்கா அதை விவரமாகச் சொன்னாள். முடிந்ததும் ஆயா கேட்டாள், "சோம்பேறின்னு சொன்னது அவந்தானே? அவ கதைய யாரு கேட்டாங்க?" பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆயா சிரிக்கவில்லை.

அவள் வந்தது தவளைக்காக அல்ல, வெங்கமாம்பாவுக்காக. தரிகொண்ட கிராமத்தில் 1730-இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே கணவனை இழந்து, தலையை மழிக்க மறுத்து, ஊர்ப்பேச்சுக்கு ஆளாகி, திருமலைக்கு வந்து சேர்ந்தவர். அங்கேயும் தொல்லை வரவே இந்தக் கோனைக்குள் வந்து குகையில் ஆறு வருஷம் தவமிருந்தார் என்று சொல்வார்கள். தெலுங்கில் பல நூல்கள் எழுதினார், 1817-இல் மறைந்தார். திருமலையில் சாப்பாடு போடுகிற பெரிய கூடத்துக்கு இன்றைக்கு அவர் பெயர்தான். ராத்திரி ஏகாந்த சேவையில் அவர் பெயரால் ஆரத்தி எடுக்கிறார்கள். ஆயாவுக்கு இந்த வருஷங்களெல்லாம் தெரியாது. "ஒத்தப் பொம்பளைடா. ஆறு வருஷம். இந்த இருட்டுல" என்றாள் பேரனிடம். இருபத்தைந்து வயதில் தாலி இறங்கியவள் அவளும் என்பதை அவள் மருமகள் அக்காவிடம் தாழ்ந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. பையன் செல்பேசியைப் பைக்குள் வைத்தான். ஆயா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மூன்று முறை முழுகினாள். எழுந்தபோது நரைத்த நீளக் கூந்தல் முதுகோடு ஒட்டியிருந்தது.

கூட்டம் கூடிக்கொண்டே வந்தது. பாறை இடுக்கில் பிஸ்கட் உறைகளும், கழற்றிப் போட்ட ஈரத் துணிகளும் சேரத் தொடங்கின. ஆரஞ்சுத் துண்டுக்காரச் சேவகர்கள் சாக்கோடு வந்து குனிந்து குனிந்து பொறுக்கினார்கள். இதைப் பார்க்கும்போது வருஷத்துக்கு ஓரிரு நாள் மட்டும் திறப்பது எவ்வளவு சரி என்று எனக்குப் பட்டது. ஆண்டெல்லாம் திறந்து, படிக்கட்டும் கடையும் போட்டால் எத்தனையோ பேர் வருவார்கள்தான். ஆனால் பொன்பல்லி இரவில் குரல் கொடுக்கிற சுவர் இது. சிறுத்தை தண்ணீர் குடிக்கிற சுனை. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அந்தத் துயரத்துக்குப் பிறகு நடந்து ஏறுகிறவர்கள் கையில் தடி கொடுத்தார்கள். காட்டுக்குள் நம் நேரமும் அவற்றின் நேரமும் பிரிந்திருந்தால்தான் இரண்டு தரப்பும் பிழைக்கும். வேண்டுதல் உள்ளவர் அடுத்த பங்குனிவரை காத்திருப்பார். ஆயா காத்திருக்கிறாளே.

திரும்பும் மேட்டில் வெயில் ஏறிவிட்டது. பையன்களின் ஷூ நனைந்து கனத்தது. ஜவ்வாது மலைக்காரர் ஒரு வார்த்தையும் பேசாமல் ஆயாவின் தூக்கையும் ஈரப் புடவை மூட்டையையும் வாங்கிக்கொண்டார். கல் மாறும் இடங்களில் அவர் முன்னால் கால் வைத்துக் காட்ட, அவள் அதே இடத்தில் வைத்து ஏறினாள். காவலர் நின்ற திருப்பத்தில் அவள்தான் முந்திக்கொண்டு, "எம் புள்ளப்பா, வழி உடு" என்றாள். அவர்கள் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

நிழலில் உட்கார்ந்த இடத்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி ஆயாவின் பக்கம் நகர்ந்து வந்து, இலையில் மடித்த புளியோதரையை நீட்டினாள். நகரிக்காரி, அவளும் தறி வீடுதான். இவள் தமிழில் கேட்க அவள் தெலுங்கில் சொல்ல, பேச்சு எங்கேயும் தட்டவில்லை. நூல் விலை, முழங்கால் வலி, கட்டிக்கொடுத்த மகள்.

"ஆடிக் கிருத்திகைக்கு எங்க ஊருக்கு வா" என்றாள் ஆயா.

"ப்ரதி ஏடு வஸ்தானு பெத்தம்மா. மூடு ரோஜுலு."

"மூணு நாளுமா? தெப்பம் பாக்குறியா?"

"தெப்பம் சூசே போதானு."

பூக்கார அக்கா குறுக்கே வந்தாள். பொய்கைப் பக்கம் தன் கடை எங்கே இருக்கிறது, காவடிக் கூட்டத்தில் எந்தச் சந்து வழியாக வந்தால் சுலபம், ராத்திரி படுக்கத் தன் வீட்டுத் திண்ணை இருக்கிறது என்று விரல் விட்டுச் சொன்னாள். நகரிக்காரி தன் எண்ணைச் சொல்ல, பையன் செல்பேசியை எடுத்து ஒவ்வோர் எண்ணாகத் தமிழில் திருப்பிச் சொல்லிப் பதிந்தான். என்ன பேர் போடட்டும் என்று கேட்டான்.

"நகரி பெரிம்மான்னு போடு" என்றாள் ஆயா, புளியோதரையைப் பிரித்துக்கொண்டே.